அக்ராவின் வாக்குப் பெட்டி

ஒரு நாட்டின் தேர்தல் அந்நாட்டின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட பிரித்தானியக் குடியேற்ற நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1951ஆம் ஆண்டுத் தேர்தலிற் சிறையிலிருந்தவாறே வெற்றியீட்டிய குவாமே நுக்குறுமா, விடுதலையாகி அரசாங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சி 104 ஆசனங்களில் 71ஐ வென்றது. 1957 மார்ச் 6ஆம் நாள் அந்நாடு கானா என்னும் பெயருடன் சுதந்திரம் பெற்றது. 1960இல் மட்டும் 17 ஆபிரிக்க நாடுகள் விடுதலை எய்தின. அக்ராவிலே திறந்த கதவு ஒரு கண்டத்துக்கே வழிவிட்டது.

ஆயினும், அத்தேர்தலின் மறுபக்கத்தை மறத்தலாகாது. 1954இல் அரசாங்கம் கொக்கோவுக்குக் குறைந்த விலையை நிர்ணயித்தபோது அசாந்தி விவசாயிகள் வெகுண்டெழுந்தனர். தம் பிரதேசத்தின் உரிமை காக்கச் சமஷ்டி ஆட்சி கோரினர். 1956இல் அசாந்தியின் பெரும்பாலான ஆசனங்கள் சமஷ்டி கேட்டோருக்கே கிடைத்தன. நாடு முழுவதையும் எண்ணியபோதோ அவர்கள் சிறுபான்மையினர், கோரிக்கை கைவிடப்பட்டது. 1956இலேயே சமஷ்டிக்கு வாக்களித்த இலங்கைத் தமிழருக்கு இந்தக் கணக்குப் புதிதன்று.

பின் நடந்தது என்ன? 1957இற் பிரதேசக் கட்சிகளுக்குத் தடை. 1958இல் விசாரணையின்றிச் சிறையிடும் சட்டம். 1964இல் ஒரு கட்சி ஆட்சி. 1966இல் இராணுவப் புரட்சி. பல ஆபிரிக்க நாடுகளும் அவ்வழியே சென்றன.

பெரும்பான்மை வாக்கு ஆளும் உரிமையைத் தரும். அடக்கும் உரிமையைத் தராது. இதை மறந்த வெற்றி, வென்றவரையும் காப்பாற்றுவதில்லை.