வட்டியில்லாக் கடன்!



வட்டி கேளாமல் கடன் கொடுக்கும் வள்ளல் இந்நாட்டில் உண்டா என்று யாரேனும் கேட்டால் நகைப்பீர்கள். உண்டு, தோழரே! பழவேற்காடு முதல் குமரி வரை எந்தக் கடற்கரைக் குப்பத்திற்கு வேண்டுமானாலும் சென்று பாருங்கள். வலை கிழிந்ததா? தருகிறார். எஞ்சின் பழுதா? தருகிறார். மகளுக்குத் திருமணமா, மனைவிக்கு நள்ளிரவில் பேறுகால வேதனையா? கதவைத் தட்டினால் போதும், தருகிறார். பத்திரம் இல்லை, ஈடு இல்லை, வட்டி இல்லவே இல்லை! எப்போது திருப்பித் தருவாய் என்ற கேள்வியும் இல்லை!

அவர்தாம் ஏலக்காரர். சில கரைகளில் தரகர், சில கரைகளில் வியாபாரி. தரும் தொகைக்கு முன்பணம் என்று பெயர். நிபந்தனை ஒன்றே ஒன்று: வலையில் விழுவதெல்லாம் அவர் கைவழியேதான் விலைபோக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நாட்டுப்படகுக்காரர் ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் முன்பணம் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுதும் அலையோடு போராடி ஐந்து லட்சம் ரூபாய்க்கு மீன் விற்கிறார். நூற்றுக்கு எட்டு ரூபாய் கழிவென்றால், 40,000 ரூபாய் போயிற்று! மறு ஆண்டும் அதே நாற்பதாயிரம். பத்தாண்டு சென்றாலும் வாங்கிய ஒரு லட்சம் வாங்கியபடியே நிற்கும். எடையிலும் விலையிலும் கரைவது தனிக்கணக்கு. கடனைத் தீர்க்கும்படி அவர் ஏன் கேட்பதில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? கடன் தீர்ந்தால் படகு கைவிட்டுப் போய்விடும்; ஆகவே கடன் தீரக்கூடாது!

ஏலக்காரரை மேடையில் ஏசுவது எளிது. நானும் ஏசியிருக்கிறேன், கைதட்டலும் பெற்றிருக்கிறேன். ஆனால் அந்த நள்ளிரவில் கதவைத் திறந்தவர் அவரன்றி வேறு யார்? வங்கியின் கதவு காலை பத்து மணிக்கல்லவா திறக்கிறது!

இது இன்று கண்ட நோயன்று. 1895 முதல் 1897 வரை, உழவர்களுக்குக் கடன் தரும் வழியை ஆராய்ந்து சென்னை மாகாண அரசுக்கு அறிக்கை அளித்தவர் பிரடெரிக் நிக்கல்சன் என்ற ஆங்கில அதிகாரி. ஜெர்மனியில் ரைஃபைசன் வளர்த்த சிற்றூர்க் கடன் சங்கங்களே இந்நாட்டுக்கும் மருந்து என்று அவர் கண்டார். 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு அவ்வறிக்கை வழிகோலிற்று. அதே நிக்கல்சன்தான் 1907-இல் சென்னை மாகாண மீன்வளத் துறையையும் தொடங்கிவைத்தார்! கடனையும் கடலையும் ஒரே மனிதர் கையில் எடுத்து நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. கடன் சங்கம் வயலோரத்தில் வேரூன்றிய அளவுக்குக் கடலோரத்தில் வேரூன்றியதா?

உழவர் கடன் அட்டை 2018-19 நிதிநிலை அறிக்கையில் மீனவர்க்கும் நீட்டிக்கப்பட்டது. நடைமுறை மூலதனத்திற்கு அப்போது இரண்டு லட்சம் ரூபாய் வரை, தவணை தவறாமல் கட்டுவோருக்கு நூற்றுக்கு நான்கு வட்டி. நம் படகுக்காரரின் ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு நாலாயிரம்! நாற்பதாயிரம் எங்கே, நாலாயிரம் எங்கே? வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். ஆயினும் வங்கிக்கு நாள்காட்டி தெரியும், கடல் தெரியாது. புயல் எச்சரிக்கை வந்தால் படகு கரையிலே கிடக்கும். தவணை நாளோ கிடக்காது, வந்தே தீரும். அன்று மீனவர் எங்கே ஓடுவார்? பழைய வாசலுக்குத்தான்!

வழி இல்லையா? இருக்கிறது; அண்டையிலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாடு என்ற கடற்கரைச் சிற்றூரில், 1960-களின் பிற்பகுதியில், மீனவர்கள் சங்கம் அமைத்துத் தம் மீனைத் தாமே ஏலம் விடத் துணிந்தார்கள். ஏலம் நடக்கும் இடத்திலேயே ஒரு பகுதி கடனுக்கு, ஒரு பகுதி சேமிப்புக்கு, மீதி கைக்கு! மீன் மிகுதியாகக் கிடைத்த நாளில் கடன் மிகுதியாகக் கழியும். வெறுங்கையோடு திரும்பிய நாளில் எவரும் கை நீட்டமாட்டார். இந்த வழி பரவித்தான் 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று; நம் குமரி மாவட்டக் கரைகளிலும் அது கால்கொண்டது. விற்பனையை வியாபாரியிடமே விட்டுவிட்டுக் கடனை மட்டும் கொடுத்த சங்கங்கள் பல, மானியம் வழங்கும் அலுவலகங்களாகச் சுருங்கிப்போயின. ஏலம் எவர் கையிலோ, படகு அவர் கையில்!

ஏலம் நம் கைக்கு வந்துவிட்டால் மட்டும் போதுமா? பனிக்கட்டி வேண்டாமா? நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அது இல்லாத கரையில் விலையைப் பேசுபவர் மீனவரல்லர், சூரியன்! காலை எட்டு மணிக்கு நெத்திலிக்கு ஒரு விலை, பத்து மணிக்கு வேறு விலை, நண்பகலில் கருவாட்டுக்குத்தான். துறைமுகங்களில் கோடிகள் கொட்டிக் குளிர்பதனக் கிடங்கு எழுப்புகிறார்கள், எழுப்பட்டும். நாற்பது படகு கரையேறும் சிற்றூருக்குத் தேவை ஒரு சிறு பனிக்கட்டிக் கூடமும், ஏலத்திற்கு ஒரு கூரையும், தண்ணீர்க் குழாயுமே.

கரையில் வாங்கிய மீனை ஊருக்குள் சுமப்பவர் யார்? பெண்கள், தோழரே. விடியற்காலையில் வாங்கும் ஒரு கூடை மீனுக்கு முதல் தேடி நாள்வட்டிக்காரரிடம் நிற்பவர்கள் அவர்கள். படகுக்குக் கடன் தரும் திட்டம் தீட்டுவோர் கூடையை எண்ணுவதில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், நாற்றம் வீசுகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டதை நாடே கண்டது. ஊழியர்கள் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். ஆனால் அவர் கூடையை ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

அடுத்த ஞாயிறு, தோழரே, உங்கள் ஊரை அடுத்த கடற்கரைக்கு விடியுமுன் செல்லுங்கள். சொற்பொழிவு வேண்டாம். ஏலம் முடியும்வரை நின்று, கழிவு நூற்றுக்கு எவ்வளவு, முன்பணம் எந்த ஆண்டில் வாங்கியது, பனிக்கட்டி எத்தனை மைல் தொலைவிலிருந்து வருகிறது என்ற மூன்றையும் படகு படகாகக் கேட்டுக் குறித்து வாருங்கள். கூடைக்காரப் பெண்களிடமும் ஒரு கேள்வி: இன்றைய முதலுக்கு மாலையில் எவ்வளவு கூட்டிக் கட்டவேண்டும்? அந்தக் குறிப்பேட்டோடு கிளைக் கூட்டத்திற்கு வாருங்கள். கூட்டுறவுத் துறைக்கும் மீன்வளத் துறைக்கும் அனுப்பவேண்டிய கோரிக்கையை அதைப் பார்த்தே எழுதுவோம்.