கியாஸ் தீர்ந்துபோச்சா? ஏமாறாதீங்க!

கத்திரி வெயில் வந்துவிட்டால் சென்னையில் ஏ.சி. மெக்கானிக்குகளுக்கு ராஜயோகம். போன் போட்டால் மூன்று நாள் கழித்துத்தான் வருகிறார்கள். வந்ததும் மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், கியாஸ் தீர்ந்துபோச்சு. மூவாயிரம் ஆகும்" என்கிறார்கள். புழுக்கம் தாங்காமல் வீட்டுக்காரரும் எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

எல்லா மெக்கானிக்கும் இப்படி இல்லை. ஒழுங்காக வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிற ஆசாமிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஏ.சி. கியாஸ் என்ன சமையல் கியாஸா, எரிந்து தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற சரக்கு அது. அறைக்குள் இருக்கிற சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டும். தானாகச் செலவாகாது. குறைந்திருக்கிறதா? அப்படியானால் எங்கோ ஓட்டை! அதை அடைக்காமல் கியாஸ் ரொப்புவது, பஞ்சரான டியூபுக்குக் காத்தடிக்கிற கதைதான். அடுத்த கோடைக்கு மறுபடியும் மூவாயிரம் அழவேண்டும்.

ஐஸ் காட்டி மிரட்டல்!

இன்னொரு வித்தை உண்டு. மூடியைத் தூக்கி, "பாருங்க சார், உள்ளே ஐஸ் கட்டியிருக்கு. கியாஸ் கம்மி" என்பார்கள். கியாஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும், நிஜம்தான். ஆனால் பில்டரில் தூசி அடைத்துக் காற்று போகாவிட்டாலும் அதே ஐஸ் கட்டும்! இதை அவர்கள் சொல்வதில்லை.

ஆகவே மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பில்டரைக் கழற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். கொஞ்ச நேரம் பேன் மட்டும் ஓடட்டும், ஐஸ் உருகிவிடும். பிறகு கூலிங் போட்டுப் பாருங்கள். பஸ் போகிற ரோட்டோர வீடு என்றால் சீசனில் 15 நாளைக்கு ஒருமுறை பில்டரைக் கழுவுவது நல்லது.

வெளியே இருக்கிற பெட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். அதன் முன்னால் பழைய கட்டிலைச் சாத்தி, மேலே போர்வை காயப்போட்டால் சூடு எங்கே போகும்? அறைக்குள் தண்ணீர் சொட்டினாலும் பதறவேண்டாம். பெரும்பாலும் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைப்பாகத்தான் இருக்கும்.

பெசன்ட்நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரையோரம் இருக்கிறவர்கள் உஷாராக இருக்கவேண்டும். உப்புக்காற்று வெளிப்பெட்டியின் தகடுகளையும் குழாயையும் அரித்துவிடும். அங்கே கியாஸ் கசிவு நிஜமாகவே வரும்.

ஓட்டை எங்கே? காட்டச் சொல்லுங்க!

கசிவு என்றால் சோப்பு நுரை தடவிக் குமிழி வரும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதை அடைத்து, நைட்ரஜன் ஏற்றிச் சோதித்து, பம்பு வைத்துக் குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்த பிறகே கியாஸ் ஏற்றவேண்டும். அதுவும் தராசில் நிறுத்து! எந்த கியாஸ், எத்தனை கிராம் என்று வெளிப்பெட்டி ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கிறது. ஆர்-22 மெஷினில் ஆர்-32ஐ ஏற்ற விடாதீர்கள். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய சரக்கு. கசிகிற இடத்தில் பீடி, சிகரெட் ஆகாது.

பெட்டியைப் பிரிக்கிற வேலை நமக்கு வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும், தூக்கி அடித்துவிடும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதா? பெரிய எம்.சி.பி. மாட்டுவது வைத்தியம் ஆகாது. ஒயர் சூடாகித் தீப்பிடிக்க அதுவே வழி. ஏ.சி.யை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுவதும் அப்படித்தான்.

வேலை முடிந்ததும் ரசீது வாங்குங்கள். எந்த இடத்தில் ஓட்டை, எத்தனை கிராம் ஏற்றியது, எத்தனை நாள் வாரண்டி, எல்லாம் அதில் எழுதியிருக்கட்டும். எழுதித் தரமாட்டேன் என்கிறவருக்குப் பணமும் தரவேண்டாம். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. அங்கே முதலில் கேட்கப்போவது அந்த ரசீதைத்தான்.