கதவு திறந்தது யாருக்கு?

பஞ்சாலைத் தொழிலாளியின் மகள். தானும் நெசவாலையில் உழைத்தவர். டிராக்டர் ஓட்டிய தந்தையைப் போரில் இழந்தவர். ஓய்வு நேரத்தில் பாராசூட்டில் குதிக்கப் பழகியவர். அந்தப் பெண்தான் 1963 ஜூன் 16-ஆம் நாள் வஸ்தோக்-6 கலத்தில் ஏறி விண்ணுக்குச் சென்றார். வாலந்தினா தெரெஷ்கோவா, விண்வெளி கண்ட முதல் பெண்!

48 முறை உலகைச் சுற்றினார். 70 மணி நேரத்துக்கு மேல் விண்ணில் இருந்தார். அதுவரை அமெரிக்க வீரர் அறுவரும் சேர்ந்து விண்ணில் கழித்த நேரத்தைவிட இது அதிகம். பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது.

விடை கிடைத்தது, வழி கிடைத்ததா? 1962-இல் அவரோடு தேர்வு பெற்ற பெண்கள் மேலும் நால்வர். நால்வரில் ஒருவரும் பறக்கவில்லை. 1969-இல் அந்தக் குழுவே கலைக்கப்பட்டது. அடுத்த பெண்ணாக ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா விண்ணேறியது 1982-இல். இடையே 19 ஆண்டுகள்! ஒரு பெண்ணை ஏற்றி உலகுக்குக் காட்டினர். காட்டியதும் கதவைச் சாத்திவிட்டனர்.

அமெரிக்காவோ அன்று கதவைத் திறக்கவே இல்லை. 1962-இல் பெண் விமானிகள் காங்கிரஸ் சபைக் குழுவின் முன் நின்று நியாயம் கேட்டனர். ஜெட் சோதனை விமானிக்கே தகுதி உண்டு என்று விதியைக் காட்டினர். பெண்களைப் படையில் சோதனை விமானியாக்க மறுத்ததும் அதே அரசுதான்! கிணற்றைச் சுற்றி வேலி போட்டுவிட்டு, குடத்தில் தண்ணீர் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்பதா நியாயம்? பின்னர் விஞ்ஞானிகளுக்கும் இடம் தந்து விதியை மாற்றினர். 1978-இல் ஆறு பெண்கள் தேர்வாயினர்; அவர்களில் சாலி ரைடு 1983-இல் பறந்தார். விதி மாறியது, வழி பிறந்தது.

நம் நாட்டு நிலை என்ன? ககன்யான் பயணத்துக்கென 2024 பிப்ரவரியில் நால்வர் பெயரை அறிவித்தனர். நால்வரும் ஆண்கள், விமானப்படையின் சோதனை விமானிகளிலிருந்து தேர்ந்தவர்கள். அவர்கள் திறமையில் நமக்கு ஐயமில்லை. ஆனால், இந்திய விமானப்படை போர் விமானத்தில் பெண்ணை அமர்த்தியதே 2016-இல்தான். அந்த ஒரே வாசல் வழியே ஆள் எடுத்தால், பெண் எங்கிருந்து வருவார்? ஆளில்லாச் சோதனைப் பயணத்துக்கென மட்டும் 'வியோமமித்ரா' என்ற இயந்திரப் பாவையைப் பெண் வடிவில் செய்தனர். பாவைக்கு இடம் உண்டு, பாவையருக்கு இல்லையா?

ஏவுகலம் செய்யும் கூடங்களிலே பெண் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் தேர்வுக்கு அழையுங்கள் என்கிறோம். சலுகை கேட்கவில்லை, வேலியை எடுக்கச் சொல்கிறோம். தெரெஷ்கோவாவின் புகழை ஆண்டுதோறும் பாடுவோர், அவருக்குப் பின்னே நின்ற நால்வரையும் நினைத்துப் பார்க்கட்டும்.