செத்த பிறகும் தனி வரிசை

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அமெரிக்காவில் போரில் மாண்டவர்களின் நினைவு நாள். ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லின் முன்பும் ஒரு சின்னக் கொடி நிற்கும். 'நாட்டுக்காகச் செத்தவனுக்கு நிறம் ஏது, சாதி ஏது? இதிலுமா அரசியல்?' என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு.

நிறம் இருந்தது தோழர்களே. அதே ஆர்லிங்டனில் 1948 வரை கறுப்பினப் படைவீரர்களுக்குத் தனிப் பகுதியில்தான் இடம். ஒரே கொடிக்காகச் செத்தவர்களைச் சேர்த்துப் புதைக்க வெள்ளை ஆதிக்கத்துக்கு மனம் வரவில்லை. ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நாளைத் தொடங்கியவர் யார்? 1868இல் ஜெனரல் ஜான் லோகன் விடுத்த ஆணையைக் காட்டுவார்கள். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1865 மே 1 அன்று, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள் பூக்களோடு ஊர்வலம் போனார்கள். சிறைமுகாமாக இருந்த குதிரைப்பந்தயத் திடலில் இறந்து, மொத்தக் குழியில் தள்ளப்பட்டிருந்த வடபடை வீரர்கள் 257 பேரைத் தோண்டியெடுத்து முறையாகப் புதைத்து வேலி கட்டியவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். பிறகு வந்த வெள்ளை வரலாறு இதைச் சௌகரியமாக மறந்தது.

செத்தவர்கள் கதை இது. உயிரோடு திரும்பியவர்கள்?

1946 பிப்ரவரி 12. இரண்டாம் உலகப்போர் முடித்து, விடுவிப்புப் பெற்ற சில மணி நேரத்தில், சீருடையோடு பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார் சார்ஜென்ட் ஐசக் உடார்ட். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்டதில் ஓட்டுநரோடு வாக்குவாதம். தென் கரோலினாவில் போலீஸ் அவரை இறக்கி, தடியால் கண்களில் குத்தியது. இரண்டு கண்ணும் போயின. குற்றம் சாட்டப்பட்ட போலீஸ் அதிகாரியை முழுக்க வெள்ளையர்கள் அமர்ந்த ஜூரி விடுதலை செய்தது.

போர் முடித்தவர்களுக்கு வீட்டுக்கடனும் கல்வியும் தர 1944இல் ஒரு சட்டம் வந்தது. சட்டத்தில் நிறம் எழுதப்படவில்லை. கடன் தரும் வங்கியில் நிறம் உட்கார்ந்திருந்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதி கறுப்பினத்தவராக இருந்த மிசிசிப்பியில், 1947இல் அச்சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட கடன்கள் 3,229. அதில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை 2. வீடு இல்லாமல் போனது ஒரு தலைமுறைக்கு மட்டுமல்ல. பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொத்து இல்லாமல் போனது.

பறிக்கப்பட்ட அந்த உரிமையை வாரிசுகளுக்குத் திருப்பித் தர, உடார்டின் பெயரையும் தாங்கிய மசோதா 2021இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் கொடி நடும் சடங்கு ஒரு வருடமும் தவறுவதில்லை.

பூ வைப்பதை நாம் பழிக்கவில்லை. லோகனின் ஆணைக்கு முன்பே பூ வைத்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள். நாம் கேட்பது கணக்கு. தியாகம் என்று வாய் நிறையச் சொல்பவர்களிடம் கேளுங்கள் தோழர்களே: செத்தவனுக்குச் செய்யும் மரியாதையில், அவன் பிள்ளைக்குச் சேர வேண்டிய பங்கு எங்கே?