வெள்ளிக்கு ஆசைப்பட்டு...

பழைய எக்ஸ்-ரே பிலிமை எடை போட்டு வாங்கும் வியாபாரியின் கண் பிளாஸ்டிக் மீது இல்லை; அதில் ஒட்டியிருக்கும் வெள்ளி மீது. கறுப்பு-வெள்ளை பிலிமில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அசல் வெள்ளிதான். கொலுசில் மின்னும் அதே உலோகம், நுண்ணிய துகள்களாகும்போது கறுத்துத் தெரிகிறது.

அது அங்கே வந்த கதை சுவையானது. மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினில் சில்வர் புரோமைடு படிகங்களைக் கலந்து பிலிமில் பூசுகிறார்கள். வெளிச்சம் பட்ட படிகத்தில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் உருவாகின்றன. கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் டெவலப்பர் திரவத்துக்கு அந்தத் துப்பு போதும். படிகம் முழுவதையும் வெள்ளியாக்கிவிடும். வெளிச்சம் செய்த வேலை இப்படி நூறு கோடி மடங்கு வரை பெருகுகிறது. வெளிச்சம் படாத படிகங்களை ஹைப்போ கரைத்துவிடும். ஹைப்போவின் இந்தக் குணத்தை ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டறிந்திருந்தார்.

கலர் பிலிம் விஷயம் வேறு. அதில் வெள்ளி லேபிலேயே நீக்கப்படுகிறது. மிஞ்சுவது சாயம் மட்டுமே. சாயம் வருடங்கள் போகப் போக வெளிறும். சரியாகக் கழுவிப் பத்திரப்படுத்திய வெள்ளிப் படம் அப்படி வெளிறாது. வேடிக்கை என்னவென்றால், நிலைக்கக்கூடிய படத்துக்குத்தான் உருக்கினால் காசு.

இந்திய சினிமா இந்தக் காசுக்குக் கொடுத்த விலை அதிகம். அர்தேஷிர் இரானி 1931-ல் இரண்டு முக்கியமான படங்களைத் தயாரித்தார்: நாட்டின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’, தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’. இரண்டுக்கும் இன்று பிரதி இல்லை. 1964-ல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி.கே. நாயர் ‘ஆலம் ஆரா’வைத் தேடிப் போனார். ரீல்கள் வெள்ளிக்காக அழிக்கப்பட்டுவிட்டன என்ற பதில்தான் கிடைத்தது. ஊமைப் படங்கள் பலவற்றுக்கும் இதே கதி. நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், வைத்துக் காப்பதைவிட விற்றுத் தொலைப்பது மேல் என்று நினைத்தவர்களும் உண்டு.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஓடி முடிந்த படம் குடோனை அடைக்கும் சரக்கு. அதற்கு வரலாறு என்று ஒரு மதிப்பு உண்டென்று அன்று யார் சொன்னார்கள்? இன்று நமக்கு அது தெரியும். மூடப்படும் ஸ்டூடியோக்களிலும் வீட்டுப் பரண்களிலும் கறுப்பு-வெள்ளை நெகடிவ்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் தாத்தாவின் கல்யாணம் இருக்கலாம், ஊரில் இன்று இல்லாத ஒரு தெரு இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கலாம். உருக்கிய வெள்ளியிலிருந்து அந்தத் தெருவைத் திரும்ப எடுக்க எந்த ரசாயனமும் கிடையாது.