இதுல என் பொடி எங்கடி?

செமஸ்டர் லீவுக்குக் கும்பகோணம் வந்திருந்த அந்தக் கல்லூரிப் பெண், அத்தையின் பொடி வியாபாரத்துக்கு ஒரு வெப்சைட் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி என்று வீட்டிலேயே இடித்து விற்கிறவர் அத்தை. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான்.

லேப்டாப்பில் நோட் ஜேஎஸ் ஏற்கெனவே இருந்தது. ‘என்பிஎம் கிரியேட் வைட்’ என்ற கட்டளையை அடித்து, ரியாக்ட் என்று தேர்ந்தெடுத்தாள். தேவையானவை எல்லாம் இறங்கி முடிந்ததும், ‘என்பிஎம் ரன் டெவ்’. பிரவுசரில் 5173 என்ற எண்ணோடு பக்கம் திறந்தது. இரண்டு லோகோ, நடுவில் ஒரு பட்டன். தட்டத் தட்ட எண்ணிக்கை கூடியது.

“ரெடி அத்தை!”

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “இதுல என் பொடி எங்கடி?”

சரியான கேள்விதான். இன்ஸ்டால் முடிந்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி தோன்றும். உண்மையில் அப்போது கையில் இருப்பது காலி வீடு. அதிலும், போனவர் மாட்டிவிட்டுப் போன காலண்டர் சுவரில் அப்படியே தொங்கும்.

(வைட் என்று நாம் சொன்னாலும், இது ‘வேகமாக’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். உச்சரிப்பு ‘வீட்’. வியூ என்ற கருவியை உருவாக்கிய எவன் யூ 2020-ல் கொண்டுவந்தது. 5173-லும் ஒரு விளையாட்டு இருக்கிறது. ரோமன் எண்ணில் 5 என்பது ‘வி’. மீதி மூன்று இலக்கமும் ஐ, டி, ஈ எழுத்துகளின் சாயலில் இருக்கும்.)

பெண் ‘ஆப்.ஜேஎஸ்எக்ஸ்’ ஃபைலைத் திறந்து லோகோ, பட்டன் எல்லாவற்றையும் அழித்தாள். கடைப் பெயரையும் பொடிகளின் பட்டியலையும் எழுதி சேவ் செய்த மறுநொடி, ரெஃப்ரெஷ் செய்யாமலே பக்கம் மாறியது. அத்தைக்கு அது பிடித்திருந்தது. ஆனால், அவரிடம் லேப்டாப் கிடையாது. “என் போன்ல காட்டு” என்றார்.

5173 முகவரி அந்த லேப்டாப்புக்குள் மட்டும்தான் வேலை செய்யும். அதே கட்டளைக்குப் பின்னால் இடைவெளி விட்டு இரண்டு சிறு கோடு, மறுபடி இடைவெளி விட்டு இரண்டு சிறு கோட்டோடு ‘ஹோஸ்ட்’ என்று சேர்த்து அடித்தால், நெட்வொர்க் என்று இன்னொரு முகவரியும் வரும். ஒரே வைஃபையில் இருக்கும் எந்த போனிலும் அதைத் திறக்கலாம். வாடிக்கையாளர் பார்க்கப்போவது போனில்தான். ஆகவே முதல் நாளே இதைச் செய்துவிடுவது உத்தமம். பலர் கடைசி நாளில்தான் செய்கிறார்கள்.

போனில் திறந்ததும் அடுத்த கேள்வி. “உன் கம்ப்யூட்டர்ல வெள்ளையா இருக்கு. என் போன்ல ஏன் கறுப்பா இருக்கு?”

அத்தையின் போன் டார்க் மோடில் இருந்தது. அவள் இறக்கிய டெம்ப்ளேட்டின் ‘இண்டெக்ஸ்.சிஎஸ்எஸ்’ ஃபைலில், போன் எந்த மோடில் இருக்கிறதோ அந்த நிறத்துக்கு மாறு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னும் சிலவும் உண்டு. பக்கம் முழுவதையும் நடுவில் நிறுத்து, தலைப்பைச் சாதாரண எழுத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக்கு. டெமோ பக்கத்துக்கு இது அழகு. விலைப் பட்டியலுக்கு ஆகாது. ‘கறிவேப்பிலைப்பொடி’ என்ற தலைப்பு போன் திரையைத் தாண்டி வலப்பக்கம் ஓடிப்போயிருந்தது. வரி இடைவெளி 1.1 என்று இறுக்கமாக வைத்திருந்ததால், ‘கு’, ‘ழு’ எழுத்துகளின் கீழ்ச்சுழி அடுத்த வரியின் கொம்புகளில் போய் இடித்தது. இங்கிலீஷ் எழுத்தை மனதில் வைத்துப் போட்ட அளவு அது.

ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட அந்த ஃபைலைக் காலி செய்துவிட்டுப் புதிதாக எழுதுவதே சுலபம். அவளும் அதைத்தான் செய்தாள். தலைப்பின் அளவைக் குறைத்து, வரி இடைவெளியை 1.5 ஆக்கி, கூகுள் ஃபாண்ட்ஸில் இருந்து ‘ஹிந்த் மதுரை’ எழுத்துருவைச் சேர்த்தாள்.

போட்டோ விஷயத்தில் அத்தை விடவில்லை. ஒவ்வொரு பொடிக்கும் பித்தளைக் கிண்ணம், பக்கத்தில் ஒரு கொத்து கறிவேப்பிலை. போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. அவற்றை அப்படியே ‘பப்ளிக்’ ஃபோல்டரில் போட்டால் அப்படியே போகும். வைட் தானாகப் படத்தைச் சுருக்கித் தராது. அகலம் 1000 பிக்சலாகக் குறைத்து, வெப்பி வடிவத்துக்கு மாற்றியதும் பக்கம் சட்டென்று திறந்தது.

சாயங்காலமே ‘என்பிஎம் ரன் பில்ட்’ அடித்தாள். ‘டிஸ்ட்’ என்று ஒரு ஃபோல்டர் உருவானது. இணையத்தில் ஏற்ற வேண்டியது இதன் உள்ளே இருப்பதை மட்டும்தான். ‘நோட் மாட்யூல்ஸ்’ என்ற பெரிய மூட்டை லேப்டாப்பிலேயே கிடக்கட்டும். கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றினாள். திறந்தால் வெள்ளைப் பக்கம். ஒன்றுமே இல்லை.

அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு காரணம் பிடிபட்டது. அங்கே சைட் இருப்பது முகவரியின் வேரில் அல்ல, கடைப் பெயர் கொண்ட உட்பாதையில். பக்கமோ தன் ஃபைல்களை வேரில் தேடுகிறது. ‘வைட்.கான்ஃபிக்’ ஃபைலில் ‘பேஸ்’ என்ற இடத்தில், முன்னும் பின்னும் சாய்கோடு போட்டு அந்த உட்பாதையை எழுதி, மறுபடி பில்ட் செய்ததும் சரியானது. டிஸ்ட்டுக்குள் இருக்கும் ஃபைலை டபுள் கிளிக் செய்து சோதிப்பதிலும் இதே வெள்ளைப் பக்கம்தான் வரும். ‘என்பிஎம் ரன் ப்ரிவ்யூ’ அதற்காகத்தான் இருக்கிறது.

அத்தை சந்தோஷத்தில் லிங்க்கை இரண்டு பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பினார். பத்து நிமிஷத்தில் போன். “ஏம்மா, உங்க வாட்ஸ்அப்பை யாராச்சும் ஹேக் பண்ணிட்டாங்களா? வீட் ரியாக்ட்டுனு என்னமோ லிங்க் வந்திருக்கே. நான் தொடவே இல்ல.”

அத்தையின் முகம் வாடிவிட்டது. “பதினஞ்சு வருஷமா வாங்குறவங்கடி” என்றார்.

பக்கத்துக்குள் எல்லாம் மாறியிருந்தது. ‘இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்’ மட்டும் கைபடாமல் கிடந்தது. பிரவுசர் டேபில் தெரியும் பெயர், குட்டிப் படம், மொழி என எல்லாமே அதில்தான். வாட்ஸ்அப் லிங்க்குக்குக் கீழே காட்டும் பெயரும் படமும் அங்கிருந்துதான் போகின்றன. வாட்ஸ்அப் ரியாக்ட் நிரலை ஓட்டிப் பார்க்காது, அந்த ஒரு ஃபைலை மட்டும் படிக்கும். அதனால் பெயரை ஆப்.ஜேஎஸ்எக்ஸில் மாற்றினால் போதாது. கடைப் பெயர், ஒரு வரி விவரம், பித்தளைக் கிண்ணப் படத்தின் முழு முகவரி எல்லாவற்றையும் அவள் எழுதினாள். மொழி என்ற இடத்தில் இங்கிலீஷ் என்று இருந்ததைத் தமிழ் என்று மாற்றினாள். பார்வையற்றவர்களின் போன் அதைப் பார்த்துத்தான் எந்த மொழிக் குரலில் படிப்பது என்று முடிவு செய்யும்.

மறுநாள் ஆன்லைன் பேமென்ட் சேர்க்கும் ஆசை. பேமென்ட் நிறுவனம் இரண்டு சாவி கொடுக்கும். ஒன்று வெளியே தெரியலாம், மற்றொன்று ரகசியம். இரண்டையும் ‘டாட் என்வி’ என்ற ஃபைலில் எழுதி, முன்னால் ‘வைட்’ என்று சேர்த்தாள். அப்படிச் சேர்த்தால்தான் பக்கத்துக்குள் கிடைக்கும் என்று படித்திருந்தாள். நல்லவேளை, ஏற்றுவதற்கு முன் வீடியோ காலில் வந்த சீனியர் அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏய், பக்கத்துக்குள்ள கிடைக்கும்னா பார்க்கிற எல்லாருக்கும் கிடைக்கும்னு அர்த்தம்! பில்ட் பண்ணினதும் அந்தச் சாவி எழுத்தாவே ஃபைலுக்குள்ள போய் உக்காந்திடும்.”

டாட் என்வி ஏதோ பெட்டகம் என்பது பலருக்கும் இருக்கும் நினைப்பு. அந்தப் பெண்ணின் டெம்ப்ளேட்டில், கிட்ஹப்புக்குப் போகக்கூடாதவற்றின் பட்டியலில் ‘லோக்கல்’ என்று முடியும் ஃபைல்கள்தான் இருந்தன. வெறும் டாட் என்வி இல்லை. அதுவும் சேர்ந்து ஏறியிருக்கும். ஏறிய பிறகு அழித்தாலும் பழைய பதிவில் நிற்கும். அப்படி ஆகிவிட்டால் அந்தச் சாவியை ரத்து செய்து புதிது வாங்குவதுதான் வழி. ரகசியச் சாவிக்குத் தனியாக சர்வர் வேண்டும். பொடிக் கடைக்கு இப்போதைக்கு அது தேவையா?

“எல்லாரும் வாட்ஸ்அப்லதானே கேக்குறாங்க?” என்றார் அத்தை.

பேமென்ட்டைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு பொடிக்கும் கீழே ஒரு பச்சை பட்டன் வைத்தாள். தட்டினால் அத்தையின் எண்ணுக்கு, பொடியின் பெயரோடு செய்தி தயாராக நிற்கும். ‘டபிள்யூஏ டாட் மீ’ முகவரியில் 91-ஐயும் போன் எண்ணையும் சேர்த்து எழுதினால் போதும், சாவி எதுவும் வேண்டாம்.

லிங்க் மறுபடி போனது. இந்தத் தடவை கடைப் பெயரும் கிண்ணமும் தெரிந்தன. ஹேக் ஆகிவிட்டதா என்று கேட்ட அதே அம்மாள் அரைக் கிலோ கறிவேப்பிலைப் பொடி கேட்டார்.

ராத்திரி அத்தை போனும் கையுமாக வந்தார். “எள்ளுப் பொடி விலை பழசு போட்டிருக்கே. நேத்து நீ மாத்தினதும் உடனே மாறுச்சே?”

“அது லேப்டாப்ல அத்தை. வெளியில மாறணும்னா மறுபடி பில்ட் பண்ணி ஏத்தணும்.”

“அப்ப நீ ஹாஸ்டல் போனப்புறம்?”

பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, லேப்டாப்பை அத்தையின் பக்கம் திருப்பினாள். “உக்காருங்க அத்தை. முதல்ல இந்த நம்பரை மாத்துங்க.”