மரக்காலுக்குள் மறைந்த விளக்குகள்



2022-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி நடந்த ஆஸ்கார் விழாவில், 'கூடைப்பந்தின் அரசி' என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட குறும்படம் சிறந்த ஆவணப்படத்துக்கான விருதைப் பெற்றது. அந்த அரசியின் பெயர் லூசியா ஹாரிஸ். ஆனால் அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ள அவர் உயிரோடு இல்லை. அதே ஆண்டு சனவரி 18-ஆம் தேதி, தமது 66-ஆம் வயதில் அவர் இறந்துவிட்டார்.

யார் இவர்? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் குத்தகை நிலத்தில் உழைத்த ஒரு கறுப்பினக் குடும்பத்தில், பதினொரு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தவர். டெல்டா ஸ்டேட் அணிக்காக விளையாடி 1975, 1976, 1977 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசியப் பட்டம் வென்றவர். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றபோது, முதல் புள்ளிகளை எடுத்தவர் இவரே. 1977-இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி இவரைத் தேர்வு செய்தது. அப்போது கருவுற்றிருந்த அவர் அந்த அழைப்பை ஏற்கவில்லை. இத்தனை பெருமை உடையவரின் பெயரைப் பலர் முதன்முதலாகக் கேட்டது இந்த ஆவணப்படத்தின் வழியாகத்தான்.

நம் கத்தோலிக்க வரலாற்றிலும் இதற்கு இணையான ஒரு நிகழ்வு உண்டு. பென்சில்வேனியாவில் அருள்சகோதரிகள் நடத்திய இம்மாகுலாட்டா என்ற சிறிய மகளிர் கல்லூரி, 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளும் அமெரிக்க தேசியப் பட்டத்தை வென்றது. முதல் ஆண்டில் போட்டிக்குச் செல்லப் பணம் இல்லை. மாணவிகள் பல் துலக்கும் பிரஷ்களை விற்றுப் பணம் திரட்டினார்கள். அப்படியும் எல்லாரும் செல்ல முடியவில்லை. எட்டு வீராங்கனைகள் மட்டுமே சென்றார்கள். பின்னர் இந்த அணி ஆடும் இடங்களில் அருள்சகோதரிகளே வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். ஊடகங்கள் முரசறையாத இடத்தில் நம் சகோதரிகளின் வாளிகள் முரசாயின! பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்று தேசியத் தொலைக்காட்சியில் வந்தது 1975 சனவரியில்தான். அதற்குள் இந்த அணி மூன்று பட்டங்களையும் வென்று முடித்திருந்தது. கூடைப்பந்தின் புகழ்மன்றம் இவர்களை ஏற்றுக்கொண்டதோ 2014-இல்.

"மக்கள் பார்ப்பதில்லை, அதனால் நாங்கள் காட்டுவதில்லை" என்பது ஊடகங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். இது உண்மையா? அமெரிக்கத் தொலைக்காட்சி விளையாட்டுச் செய்திகளை முப்பது ஆண்டுகள் கவனித்த ஆய்வாளர்கள், பெண்கள் விளையாட்டுக்குக் கிடைத்த நேரம் 1989-இல் ஏறத்தாழ 5 விழுக்காடு என்றும், 2019-இல் 5.4 விழுக்காடு என்றும் கண்டார்கள். ஒரு தலைமுறை கடந்தும் மாற்றம் அவ்வளவுதான். ஆனால் 2024 ஏப்ரலில் கெய்ட்லின் கிளார்க் ஆடிய கல்லூரி இறுதிப் போட்டி முக்கியத் தொலைக்காட்சியில், நல்ல நேரத்தில், முன்கூட்டியே பேசப்பட்டு ஒளிபரப்பானது. அதைச் சராசரியாக 1 கோடியே 89 இலட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 இலட்சம் பேர். காட்டினால் மக்கள் பார்க்கிறார்கள். காட்டாமல் இருந்துவிட்டு, பார்ப்பவர் இல்லை என்று சொல்வது, விதைக்காமல் இருந்துவிட்டு நிலத்தைக் குறை சொல்வது போன்றது.

நம் நாட்டிலும் நிலைமை வேறல்ல. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் தலைவியாக இருந்தவர்; 2021-இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானவர். கிரிக்கெட் வீரர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

சிலர் கேட்கலாம்: "கிறிஸ்தவர்கள் புகழைத் தேடலாமா? வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்றுதானே ஆண்டவர் கற்பித்தார்?" உண்மைதான். நம் நற்செயலை நாமே தம்பட்டம் அடிக்கக்கூடாது. ஆனால் பிறருடைய விளக்கை எடுத்து மரக்காலுக்குள் வைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது? தன்னை மறைத்துக்கொள்வது தாழ்ச்சி. அடுத்தவரை மறைப்பது அநீதி.

பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றினார். சுற்றி இருந்தவர்கள் அதை வீண்செலவு என்று முணுமுணுத்தார்கள். இயேசுவோ, நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் இப்பெண் செய்ததும் எடுத்துச் சொல்லப்படும் என்றார். ஆயினும், அந்நிகழ்ச்சியை எழுதிய மாற்கு அவருடைய பெயரைக் குறிப்பிடவில்லை! ஆண்டவர் நினைவில் வைத்ததை மனிதர் எவ்வளவு எளிதாக விட்டுவிடுகிறோம்! உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு அறிவித்த மகதலா மரியாவின் நினைவு நாளும், 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில்தான் திருத்தூதர்களின் விழாக்களுக்கு இணையான விழாவாக உயர்த்தப்பட்டது. திருச்சபையே தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம் இது.

எனவே ஊடகங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் பங்கு மடலில் இளைஞர்களின் கிரிக்கெட் கோப்பைக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். மாவட்ட அளவில் வென்ற நம் பங்கின் மாணவிக்கு எத்தனை வரிகள்? மகன் விளையாடப் போனால் பெருமைப்படும் நாம், மகள் போனால் "வெயிலில் கறுத்துவிடுவாய், படிப்பைப் பார்" என்று தடுக்கிறோமா? அவள் ஆடும் போட்டிக்கு ஒருநாளாவது சென்று அமர்ந்திருக்கிறோமா?

லூசியா ஹாரிஸுக்கு உலகின் கைதட்டல் இரண்டு மாதம் தாமதமாக வந்தது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அது தாமதமாக வேண்டாம். இந்த வாரமே, நம் பங்கில் விளையாடும் ஒரு சிறுமியின் பெயரைக் கேட்டு அறிவோம். அவளைப் பெயர் சொல்லி அழைத்துப் பாராட்டுவோம். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் நல்லாயன், மறைந்திருக்கும் விளக்குகளைக் காணும் கண்களை நமக்குத் தருவாராக.